ஆன்லைன் உடனடி லாட்டரி: பணம் போடும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

"நான் போட்ட காசை எல்லாம் எடுத்துட்டேன்டா, கொஞ்சம் மேலயே வந்திருக்கு" என்று அக்கா சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை பெரிய தொகை வந்தது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. எந்தக் கிழமை, எந்த விளையாட்டு, திரையில் என்ன நிறம் மின்னியது என்பது வரை சொன்னாள்.

சரி, பார்த்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து அவளுடைய கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி எக்செல்லில் போட்டோம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் பிரிப்பது எனக்குக் கைப்பழக்கம். எட்டு மாதங்களில் டெபாசிட் செய்தது 31 முறை. வெளியே எடுத்தது 2 முறை. அந்த இரண்டையும் கூட்டினாலும் உள்ளே போனதில் பாதிகூட இல்லை. அக்கா கூட்டுத்தொகையை மூன்று முறை சரிபார்க்கச் சொன்னாள். மூன்று முறையும் அதேதான் வந்தது.

அன்றிலிருந்து யார் என்னிடம் "இந்த உடனடி லாட்டரி விளையாடலாமா?" என்று கேட்டாலும், ஆம் என்றோ இல்லை என்றோ நான் முதலில் சொல்வதில்லை. சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்து என்ன என்பது போகப் போகத் தெரியும். அதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நீங்கள் சுரண்டும்போது முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது

உடனடி லாட்டரி என்றால் குலுக்கல் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், வாங்கியவுடனே முடிவு தெரியும் என்று அர்த்தம். கணினியில் எண்களை உருவாக்கி அச்சிட்ட சுரண்டல் சீட்டு 1974-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வந்தது. அதன் பிறகு லாட்டரி விற்பனையின் போக்கே மாறியது. வாரம் ஒரு முறை கிடைத்த எதிர்பார்ப்பு, நினைத்த நேரமெல்லாம் கிடைத்தது. இணையத்தில் அதற்குக் கடைக்குப் போகும் வேலையும் இல்லை.

திரையில் விரலால் தேய்க்கிறீர்கள், சாம்பல் நிறப் பூச்சு விலகுகிறது, ஒவ்வொரு படமாகத் தெரிகிறது. ஆனால் "வாங்கு" என்று அழுத்திய நொடியிலேயே உங்கள் டிக்கெட் எந்தப் பரிசுக்கு உரியது, அல்லது எதற்கும் இல்லாதது என்பது சர்வரில் முடிவாகிவிட்டது. அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த முடிவைக் காட்டும் காட்சி. இதை நீங்களே பார்க்கலாம். பெரும்பாலான விளையாட்டுகளில் "எல்லாவற்றையும் திற" என்று ஒரு பொத்தான் இருக்கும். எந்தக் கட்டத்தை முதலில் தேய்க்கிறீர்கள் என்பதற்கு அர்த்தம் இருந்திருந்தால் அப்படி ஒரு பொத்தான் இருக்க முடியாது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மூன்று வைரம் வந்தால் பெரிய பரிசு. இரண்டு வந்துவிட்டது, மூன்றாவது கட்டத்தில் எலுமிச்சம்பழம். "ஐயோ, கொஞ்சத்தில் போச்சே" என்று மனம் அடித்துக்கொள்கிறது. உண்மையில் கொஞ்சத்தில் எதுவும் போகவில்லை. பரிசு இல்லாத டிக்கெட்டுக்கு இரண்டு வைரத்தைக் காட்டினாலும் ஒன்று, ஒன்றுமே காட்டாவிட்டாலும் ஒன்று. அக்கா அந்த எட்டு மாதத்தில் அடிக்கடி சொன்ன வார்த்தை "நெருங்கிட்டேன்". அந்த வார்த்தை உங்கள் வாயிலும் வருகிறதா என்று கவனியுங்கள்.

விதிமுறைப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்

முதலில் உங்கள் ஊர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் முழுத் தடை இருக்கிறது. தடை இருந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம். பரிசு வந்தாலும் தராமல் ஏமாற்றினால் போய்ச் சொல்ல உங்களுக்கு இடம் இருக்காது. அனுமதி உள்ள இடமென்றால், நடத்துபவரின் உரிம எண்ணை உரிமம் கொடுத்த அமைப்பின் சொந்தத் தளத்தில் தேடிச் சரிபாருங்கள். லாட்டரித் தளத்தின் அடியில் இருக்கும் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அது வெறும் படம். வயது வரம்பையும் பாருங்கள். பிரிட்டனில் தேசிய லாட்டரிக்கு 16 வயது போதும் என்று இருந்ததையே 2021-ல் 18 ஆக்கினார்கள்.

அடுத்து, விளையாட்டின் பக்கத்தில் சின்ன எழுத்தில் "விதிமுறைகள்" அல்லது "பரிசுப் பட்டியல்" என்று இருக்கும். அதை அழுத்துங்கள். அந்தப் பக்கமே இல்லாத விளையாட்டில் ஒரு பைசாகூடப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மொத்தத்தில் எத்தனை டிக்கெட்டுக்கு ஒரு பரிசு, வசூலாவதில் எத்தனை சதவீதம் பரிசாகத் திரும்புகிறது, ஒவ்வொரு பரிசும் எத்தனை டிக்கெட்டுக்கு ஒரு முறை.

இந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று காட்ட நானே ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொள்கிறேன். 10 லட்சம் டிக்கெட். ஒரு டிக்கெட்டின் விலையை 1 என்று வைத்துக்கொள்வோம்.

விலையே திரும்பக் கிடைக்கும் டிக்கெட் 1,50,000. விலையைப்போல 2 மடங்கு கிடைப்பவை 60,000. 5 மடங்கு 25,000. 20 மடங்கு 5,000. 100 மடங்கு 500. 1,000 மடங்கு 30. 10,000 மடங்கு 5. கடைசியாக 75,000 மடங்கு ஒன்றே ஒன்று.

எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 7,00,000. அதாவது வசூலில் 70 சதவீதம் பரிசாகத் திரும்புகிறது. பரிசு உள்ள டிக்கெட் மொத்தம் 2,40,536. எனவே விளம்பரத்தில் "கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்குப் பரிசு" என்று போடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பரிசுகளில் 1,50,000 உங்கள் காசை உங்களுக்கே திருப்பிக் கொடுப்பவை. அவற்றைக் கழித்துவிட்டால், போட்டதற்கு மேல் ஏதாவது கிடைப்பது 11 டிக்கெட்டுக்கு ஒரு முறைதான். இந்தக் கழித்தலை எப்போதும் செய்யுங்கள். சில ஆன்லைன் விளையாட்டுகளில் டிக்கெட் விலைக்கும் குறைவான தொகைகூடப் பரிசு என்ற பெயரில் வரும். அதற்கும் மணி அடிக்கும், நாணயம் கொட்டும்.

இப்போது முக்கியமான கழித்தல். 1,000 மடங்கும் அதற்கு மேலும் உள்ள பரிசுகள் மொத்தம் 36. அந்த 36 டிக்கெட்டுகளுக்குள் மட்டும் 1,55,000 அடங்கியிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் மீதி 5,45,000, அதாவது 54.5 சதவீதம். 10 லட்சம் டிக்கெட்டில் அந்த 36-ல் ஒன்று உங்கள் கைக்கு வராதவரை உங்களுடைய உண்மையான நிலவரம் 70 அல்ல, 54.5. தினமும் 10 டிக்கெட் வாங்கினால் அந்த 36-ல் ஒன்றைத் தொட சராசரியாக ஏழரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள், நான் அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான்கில் ஒன்று என்றால் ஒவ்வொரு நான்காவது டிக்கெட்டிலும் வரும் என்றும் இல்லை. இதே விளையாட்டில் நான்கு வாங்கி நான்கும் வெறும் டிக்கெட்டாக இருப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பத்து வாங்கிப் பத்தும் வெறுமையாகப் போவது நூறு பேரில் ஆறு பேருக்கு நடக்கும். "இவ்வளவு போயிடுச்சு, இனி வரணும்" என்று நினைக்கும்போது இந்த எண்களை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். சில விளையாட்டுகள் மேலே சொன்னதுபோல எண்ணிக்கை முடிவான டிக்கெட் தொகுப்பிலிருந்து வரும். சிலவற்றில் ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாக முடிவு எடுக்கும். தொகுப்பு வகை என்றால், பெரிய பரிசுகள் எத்தனை மீதி இருக்கின்றன என்று பாருங்கள். பெரிய பரிசு போன பிறகும் டிக்கெட் விற்பது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பேராசிரியர் இதற்காக 2008-ல் அந்த மாநில லாட்டரி மீது வழக்கே போட்டார்.

வேகத்தைக் கணக்கில் சேருங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இது. நானும் முதலில் தவறவிட்டேன்.

காகிதச் சுரண்டல் சீட்டில் பெரும்பாலும் 60 முதல் 75 சதவீதம் பரிசாகத் திரும்பும். ஆன்லைனில் 80-க்கு மேலும் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஆன்லைன்தான் நல்லது என்று தோன்றும். அக்காவும் அதைத்தான் வாதமாகச் சொன்னாள்.

சரி, 85 சதவீதம் திரும்பும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட் முடிய 12 நொடி. நிமிடத்துக்கு 5, ஒரு மணி நேரத்துக்கு 300. ஒவ்வொன்றிலும் சராசரியாக 15 சதவீதம் போகிறது. ஆகவே ஒரு மணி நேரத்தில் 45 டிக்கெட்டின் விலை போய்விடும். காகிதச் சீட்டில் 65 சதவீதம்தான் திரும்புகிறது என்றாலும், வாரம் ஒன்று வாங்குபவருக்கு வாரம் முழுவதற்கும் போவது ஒரு டிக்கெட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. சதவீதம் நன்றாக இருக்கிற விளையாட்டுதான் பையை வேகமாகக் காலி செய்கிறது.

இதை அறிய ஒரு சோதனை செய்யுங்கள். பல தளங்களில் பணம் இல்லாமல் விளையாடிப் பார்க்கும் டெமோ இருக்கும். பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சாதாரணமாக விளையாடுங்கள். எத்தனை டிக்கெட் முடிந்தது என்று எழுதுங்கள். ஆறால் பெருக்குங்கள். அப்புறம் டிக்கெட் விலையால் பெருக்குங்கள். திரும்பாத சதவீதத்தால் பெருக்குங்கள். வருவதுதான் உங்களுடைய ஒரு மணி நேரப் பொழுதுபோக்கின் விலை. அந்த விலைக்கு வேறு என்னென்ன செய்யலாம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அக்கா பத்து நிமிடத்தில் 60 டிக்கெட்டைத் தாண்டினாள். தான் மெதுவாக விளையாடுகிறோம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

வேகத்தின் ஆபத்தை அரசுகளும் உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் இணைய ஸ்லாட் விளையாட்டுகளில் (பொத்தானை அழுத்தியதும் படங்கள் சுழன்று நிற்கும் சூதாட்டம்) ஒரு சுற்று குறைந்தது 2.5 நொடி எடுக்க வேண்டும், தானாகவே ஓடும் வசதி கூடாது, போட்ட தொகைக்கு மேல் கிடைக்காதபோது வெற்றி ஒலி எழுப்பக் கூடாது என்று விதி வந்தது. ஸ்லாட்டும் உடனடி லாட்டரியும் சட்டப்படி வேறு வேறு. ஆனால் கையில் வைத்து விளையாடும்போது பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே நீங்கள் பார்க்கும் விளையாட்டில் தானாக ஓடும் வசதி இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

வென்றதை மறுபடி போடும்போது என்ன ஆகிறது

அக்காவின் எக்செல் தாளில் எனக்கு முதலில் புரியாத ஒன்று இருந்தது. அவள் டெபாசிட் செய்த தொகையைப்போல ஆறு மடங்குக்கும் மேல் டிக்கெட் வாங்கியிருந்தாள். எங்கிருந்து வந்தது அந்தப் பணம்? எல்லாம் வென்ற பணம். வென்றது கணக்கிலேயே கிடந்தது, அதிலிருந்து அடுத்த டிக்கெட்.

100 போட்டு, 85 சதவீதம் திரும்பும் விளையாட்டில் முழுவதையும் ஒரு சுற்று ஆடினால் சராசரியாக 85 மீதி. அதை ஆடினால் 72. பிறகு 61. பிறகு 52. ஐந்தாவது சுற்றில் 44. தளம் சொன்ன 85 பொய்யில்லை. ஒரு டிக்கெட்டுக்கு அது உண்மை. ஒரு மாலை முழுவதற்கும் அது உண்மை இல்லை. ஆகவே விளையாடுவது என்று முடிவு செய்தால், போட்ட தொகை ஒரு சுற்று முடிந்ததும் மீதியை வெளியே எடுத்துவிடுங்கள். "வென்றது தளத்தின் காசு, அதை வைத்து ஆடினால் என்ன" என்று தோன்றும். கணக்கில் வந்த நொடியிலிருந்து அது உங்கள் காசு.

போனஸும் இதே கதைதான். 10 டிக்கெட் விலைக்கு போனஸ் தருகிறார்கள், ஆனால் வெளியே எடுக்கும் முன் அதைப்போல 20 மடங்குக்கு விளையாட வேண்டும் என்று நிபந்தனை. அப்படியென்றால் 200 டிக்கெட். அவற்றில் 15 சதவீதம் போனால் 30 டிக்கெட்டின் விலை. 10-ஐ வாங்க 30 கொடுக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு பெட்டி இருந்தால், அதில் டிக் செய்யுங்கள்.

ஜெயிக்க வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு

இருந்தது, ஒரு முறை. 2003-ல் கனடாவின் டொரண்டோவில் மோகன் ஸ்ரீவாஸ்தவா என்ற புள்ளியியலாளர், காகிதச் சுரண்டல் சீட்டின் மேல் வெளியே தெரியும் எண்களில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். சுரண்டாமலேயே எது பரிசுச் சீட்டு என்று பிரித்து 20 சீட்டுகளை ஒண்டாரியோ லாட்டரி அமைப்புக்கு அனுப்பினார். அதில் 19 சரியாக இருந்தன. அந்த விளையாட்டு திரும்பப் பெறப்பட்டது. வழி தெரிந்தும் அவர் அதில் இறங்கவில்லை. கடை கடையாகப் போய்ச் சீட்டைத் தேடும் நேரத்தில், தன் வேலையிலேயே அந்த அளவு சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்.

ஆன்லைனில் அந்த வழியும் இல்லை. வாங்கும் முன் பார்க்க எந்த எண்ணும் திரையில் இல்லை. நல்ல நேரம், தொடர்ந்து ஒரே விளையாட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், விலை கூடிய டிக்கெட் என்று யார் என்ன உத்தி சொன்னாலும் பணம் கொடுத்து அதைக் கேட்காதீர்கள். வாங்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் செய்தி மோசடி. பதில் போட வேண்டாம்.

அப்படியும் விளையாடுவது என்றால்

விளையாடுவதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை. போனால் போகட்டும் என்று உண்மையாகவே சொல்ல முடிகிற தொகையை, மாதம் ஒரு முறை, பொழுதுபோக்குச் செலவாக எழுதிவைத்துவிட்டு விளையாடுபவருக்கு அது சரியாக இருக்கலாம். வருமானமாக நினைத்தால் இல்லை. கடனை அடைக்க, விட்டதைப் பிடிக்க, தூக்கம் வராததால் என்று எந்தக் காரணம் வந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

கணக்குத் தொடங்கிய அன்றே, முதல் டிக்கெட்டுக்கு முன், டெபாசிட் வரம்பை வையுங்கள். அதோடு நஷ்ட வரம்பும் நேர வரம்பும் இருந்தால் அவற்றையும் வையுங்கள். டெபாசிட் வரம்பு மட்டும் போதாது, ஏனென்றால் வென்றதைத் திருப்பிப் போடுவதை அது தடுக்காது. வங்கி அட்டையைத் தளத்தில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எண்ணை அடிக்க வேண்டியிருக்கும் அந்த அரை நிமிடம் உங்களுக்கு உதவும். சிறு தொகை ஒன்றைச் சீக்கிரமே வெளியே எடுத்துப் பாருங்கள். பணம் எத்தனை நாளில் வருகிறது, என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அக்கா முதல் முறை எடுக்கப் போனபோது சரிபார்ப்புக்குப் பல நாள் ஆனது. அந்த நாட்களில் எடுப்பதை ரத்துசெய்து மறுபடி விளையாட ஒரு பொத்தான் திரையிலேயே இருந்தது. அவள் அதை இரண்டு முறை அழுத்தியிருக்கிறாள்.

மாதக் கடைசியில் எங்களைப்போலப் பட்டியலை இறக்கி உள்ளே போனது, வெளியே வந்தது என்று இரண்டே இரண்டு எண்களை எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள். நினைவு வெற்றியை மட்டும்தான் எடுத்து வைக்கும். அந்த இரண்டு எண்களை வீட்டில் யாரிடமாவது காட்டத் தயக்கம் வந்தால், விளையாட்டு பொழுதுபோக்கு என்ற இடத்தைத் தாண்டிவிட்டது. அப்போது வரம்பைக் குறைப்பது போதாது. உரிமம் உள்ள தளங்களில் உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளும் வசதி இருக்கும். மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ தடை போடலாம். அதைச் செய்துவிட்டு, நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக நிறுத்துவது கஷ்டமாக இருந்தால் மனநல ஆலோசகரிடம் போங்கள், இது அவர்கள் தினமும் பார்க்கும் விஷயம்தான். உடன் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திட்டாதீர்கள். நான் முதல் நாள் கொஞ்சம் சத்தம் போட்டேன், அதனால் அக்கா இன்னொரு தளத்தில் இருந்த கணக்கைப் பற்றி மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

இரண்டு தளங்களிலும் அவள் ஓராண்டுத் தடை போட்டாள். அந்த ஆண்டு முடிந்த அன்று, மறுபடி வரலாம் என்று அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. எனக்கு ஃபோன் செய்து அதைப் படித்துக் காட்டினாள். "இதை நீட்டிக்க எங்கடா அழுத்தணும்?" என்று கேட்டாள். அமைப்புகள் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஃபோனை வைக்காமல் இருவரும் சேர்ந்து தேடினோம்.